முதலாண்டு உணவும் முதுமை நலமும்

சென்ற மாதம் உறவினர் ஒருவரின் இல்லத்தில் நிகழ்ந்த ஞானஸ்நான விருந்துக்கு நாம் சென்றிருந்தோம். கோயிலிலிருந்து திரும்பியதும் குழந்தை பசித்து அழவே, தாய் அதனை எடுத்துக்கொண்டு உள்ளறைக்குச் சென்றாள். கூடத்தில் இருந்தோரிடையே பேச்சு எழுந்தது. “இவளுக்குப் பால் பற்றவில்லை போலிருக்கிறது. ஒரு டப்பா மாவுப்பால் வாங்கி வைத்தால் என்ன?” என்றார் குழந்தையின் அத்தை. “எங்கள் காலத்தில் டப்பா ஏது? எட்டுப் பிள்ளைகளும் என் பால் குடித்தே வளர்ந்தார்கள்” என்றார் ஆச்சி.

அப்போது, மூலையில் அமர்ந்திருந்த எழுபது வயதுப் பெரியவர் ஒருவர் நம் பக்கம் திரும்பினார். “ஐயா, தாங்கள் நாலும் படித்தவர். எனக்கு ஒன்று சொல்லுங்கள். என் மூத்த மகன் இரண்டு வயதுவரை தாய்ப்பால் குடித்தவன். இளையவன் பிறந்தபோது இவள் கடுங்காய்ச்சலில் மூன்று மாதம் படுக்கையில் கிடந்தாள். அவன் வளர்ந்தது பசும்பாலிலும் மாவுப்பாலிலும்தான். இன்று மூத்தவனுக்கு நாற்பத்தைந்து வயதில் சர்க்கரை நோய். இளையவனோ கல்லுப்போல் இருக்கிறான். அப்படியானால் தாய்ப்பாலின் பெருமை என்ன?” என்று கேட்டார். அருகில் இருந்த அவர் மனைவி ஒன்றும் பேசவில்லை, தலையைக் குனிந்துகொண்டார்.

விருந்து முடியும்வரை நம்மால் அவருக்குத் தக்க விடை அளிக்க இயலவில்லை. கேள்வியைவிட அந்த அம்மையார் தலை குனிந்த காட்சியே நம் மனத்தை உறுத்தியது. மழலைப் பருவத்தில் உண்ட உணவு முதிர்ந்த வயதின் உடல்நலத்தை உண்மையாகவே பாதிக்கிறதா? பாதிப்பின், எவ்வளவு? இவ்வினாக்களுக்கு நாம் தேடிக் கண்ட விடையை வாசக அன்பர்களோடு பகிர்ந்துகொள்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பேரேட்டில் பதிந்த குழந்தைகள்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இங்கிலாந்து நாடு ஒரு பெருங்கவலையில் ஆழ்ந்திருந்தது. தென்னாப்பிரிக்காவில் நடந்த போயர் போருக்காகப் படையில் சேர வந்த இளைஞருள் பலர், உடல் வலிமை போதாதவர் எனத் திருப்பி அனுப்பப்பட்டனர். அந்நாளில் அங்குப் பிறந்த ஆயிரம் குழந்தைகளுள் ஏறத்தாழ 150 குழந்தைகள் முதலாண்டு நிறையும் முன்பே மடிந்தன. நலிந்த குழந்தைகளே நலிந்த இளைஞர்களாகின்றனர் என்பதை நாட்டினர் உணரலாயினர்.

இலண்டன் மாநகருக்கு வடக்கே ஹெர்ட்ஃபோர்ட்ஷயர் என்றொரு மாவட்டம் உண்டு. அங்கே சுகாதாரச் செவிலியரின் தலைவியாகவும் மருத்துவச்சிகளின் மேற்பார்வையாளராகவும் பணியாற்றியவர் எத்தல் மார்கரெட் பர்ன்சைடு என்னும் அம்மையார். அவர் ஏற்படுத்திய முறைப்படி, 1911 முதல் 1948 வரை, அம்மாவட்டத்தில் பிறந்த குழந்தைகளின் விவரங்கள் பெரிய பேரேடுகளில் எழுதி வைக்கப்பட்டன. மருத்துவச்சி பிறந்த எடையைக் குறிப்பாள். பின்னர்ச் செவிலியர் வீடு தேடிச் சென்று குழந்தையைப் பார்ப்பார். அது தாய்ப்பால் குடிக்கிறதா, புட்டிப்பால் குடிக்கிறதா, இரண்டுமா, ஓராண்டு நிறைவில் அதன் எடை என்ன, பால் மறக்கடிக்கப்பட்டதா, எத்தனை பற்கள் முளைத்துள்ளன, என்னென்ன நோய்கள் வந்தன என்பனவெல்லாம் வரிசையாகப் பதியப்பட்டன.

குழந்தைகள் வளர்ந்தனர், பேரேடுகளோ மறக்கப்பட்டன. 1980-ஆம் ஆண்டுகளில் சவுத்தாம்ப்டன் நகரைச் சேர்ந்த டேவிட் பார்க்கர் என்னும் மருத்துவப் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் அவற்றைத் தேடி எடுத்தனர். பேரேட்டில் கண்ட குழந்தைகள் அப்போது ஐம்பதும் எழுபதும் கடந்த முதியோராகிவிட்டனர். சிலர் மாண்டும் போயினர். யார் உயிரோடிருக்கிறார், யார் எந்த நோயால் இறந்தார் என்பதை அரசாங்கப் பதிவுகளைக்கொண்டு ஒவ்வொருவராகத் தேடிக் கண்டனர்.

1989-ஆம் ஆண்டு அவர்கள் வெளியிட்ட முடிவு மருத்துவ உலகை வியப்பில் ஆழ்த்தியது. 1911-க்கும் 1930-க்கும் இடையே பிறந்த 5,654 ஆண்கள் அந்த ஆய்வில் இடம் பெற்றனர். அவர்களுள் நூற்றுக்கு 92 பேர் தாய்ப்பால் அருந்தியவர். பிறந்தபோதும் ஓராண்டு நிறைவிலும் எடை குறைந்திருந்தவர்களே பிற்காலத்தில் மாரடைப்பு போன்ற இதய நோய்களால் மிகுதியாக மாண்டனர். நாட்டின் பொதுவான மரண விகிதத்தை 100 எனக் கொண்டால், ஓராண்டு நிறைவில் 8.2 கிலோவோ அதற்குக் குறைவாகவோ எடையிருந்தவர்களின் இதய நோய் மரண விகிதம் 111 ஆக இருந்தது, 12.3 கிலோவும் அதற்கு மேலும் இருந்தவர்களிடையே அது 42 மட்டுமே.

அதுவரை மாரடைப்பு என்றால் புகைபிடித்தலும் கொழுப்பு உணவும் கவலையுமே காரணம் என எண்ணியிருந்தோம். அவை காரணங்களே, ஐயமில்லை. ஆயினும் நோயின் முதல் விதை கருவறையிலும் தாய் மடியிலும் விழக்கூடும் என்பதை இப்பேரேடுகள் காட்டின.

உணவு முறையைப் பற்றித் தனியாகவும் ஆராய்ந்தனர். கரோலின் ஃபால் என்னும் மருத்துவரும் பிறரும் 1992-ல் வெளியிட்ட ஆய்வின்படி, முழுக்கப் புட்டிப்பாலில் வளர்ந்தவர்களுக்கு முதிர்ந்த வயதில் இரத்தக் கொழுப்பு அதிகமாயிருந்தது. தாய்ப்பால் அருந்தி, ஓராண்டுக்குள் பால் மறந்தவர்களுக்கு அது குறைவாயிருந்தது. ஆனால், ஓராண்டு கடந்தும் பால் மறவாதவர்களுக்கும் புட்டிப்பால் குடித்தோரைப் போலவே கொழுப்பு மிகுந்திருந்தது! இதைக் கேட்டு எந்தத் தாயும் கலங்க வேண்டுவதில்லை. ஒரே மாவட்டத்தின் பழைய பதிவுகளில் கண்ட இச்செய்தியைக்கொண்டு உலக சுகாதார நிறுவனம் தன் அறிவுரையை மாற்றிக்கொள்ளவில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் பாலூட்டலாம் என்றே கூறிவருகிறது. இதிலிருந்து நாம் கற்பது ஒன்று: பால் மட்டுமன்று, பாலை அடுத்து எந்த உணவு எப்போது வருகிறது என்பதும் கருதத்தக்கது.

பாலில் அடங்கிய நுட்பம்

ஓராண்டு உணவு எழுபதாண்டு உடலை எவ்வாறு தொடரும்? இதனை அறியத் தாய்ப்பாலின் அமைப்பைச் சிறிது நோக்குவோம்.

பிள்ளைப்பேற்றை அடுத்துச் சுரக்கும் மஞ்சள் நிறச் சீம்பால் அளவில் சிறிது, ஆற்றலில் பெரிது. நோயை எதிர்க்கும் பொருள்களும் வெள்ளணுக்களும் அதில் நிறைந்துள்ளன. அழுக்குப் பால் எனக் கருதி அதனைப் பீய்ச்சி வெளியே விட்ட வழக்கம் நம் பாட்டிமார் காலத்தில் பல ஊர்களில் இருந்தது. குழந்தைக்குக் கிடைத்த முதல் கவசத்தையே மண்ணில் கொட்டினோம் என்பதை அன்று அறிந்திலோம்.

தாய்ப்பாலில் நூற்றுக்கும் மேற்பட்ட வகைச் சிறப்புச் சர்க்கரைப் பொருள்கள் உள்ளன. குழந்தையின் வயிறு அவற்றைச் செரிப்பதில்லை. பின் எதற்காக அவை? குடலில் வாழும் நன்மை செய்யும் நுண்ணுயிர்களுக்கு அவையே உணவு. அந்நுண்ணுயிர்கள் செழித்தால் தீய கிருமிகளுக்கு இடமில்லை. உடலின் எதிர்ப்பாற்றல் தன்னையும் பகைவனையும் பிரித்தறியப் பழகுவதும் அந்நாளில்தான்.

மூன்றாவது, புரதச் சத்து. பசும்பாலில் உள்ள புரதம் தாய்ப்பாலில் உள்ளதைப் போல் ஏறத்தாழ மும்மடங்கு. கன்று சில மாதங்களில் பெருத்து எழ வேண்டும். மனிதக் குழந்தையோ மெல்ல வளர வேண்டும். புரதம் மிகுந்த உணவு, இன்சுலின் முதலிய வளர்ச்சி நீர்களை மிகுதியாகச் சுரக்கச் செய்து, கொழுப்பு சேரும் போக்கை உடலில் பதிக்கிறது. ஐரோப்பாவின் ஐந்து நாடுகளில் 2002-ஆம் ஆண்டு தொடங்கிய ஓர் ஆய்வு இதனைச் சோதித்தது. புரதம் மிகுந்த மாவுப்பாலும் புரதம் குறைந்த மாவுப்பாலும் குழந்தைகளுக்குக் குலுக்கல் முறையில் பிரித்து அளிக்கப்பட்டன. ஆறு வயதில் பார்த்தபோது, புரதம் மிகுந்ததை உண்டவர்கள் அளவுமீறிப் பருமனாகும் வாய்ப்பு மற்றவர்களைவிட இரு மடங்குக்கும் மேலாக இருந்தது.

நான்காவது, பசியின் கட்டுப்பாடு. மார்பில் பால் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்ததும் தானே வாயை எடுத்துவிடும். புட்டியில் ஊட்டும்போதோ, ‘இன்னும் கொஞ்சம் இருக்கிறதே’ என்று மீதியையும் புகட்டிவிடுகிறோம். போதும் என்பதை உணரும் பழக்கம் இங்கேயே கெடுகிறது.

ஆய்வுகள் எவ்வளவு சொல்கின்றன?

இதுவரை படித்த அன்பர்கள், தாய்ப்பால் குடித்தவனுக்கு நோயே வராது போலும் என்று முடிவு கட்டிவிடக் கூடாது. அறிவியல் நேர்மையானது; தனக்குச் சாதகமானதையும் சொல்லும், பாதகமானதையும் சொல்லும்.

இங்கிலாந்தில் 1982 முதல் 1985 வரை, குறைமாதத்தில் பிறந்த குழந்தைகளுக்கு ஆலன் லூக்கஸ் என்னும் மருத்துவர் ஓர் ஆய்வு நடத்தினார். ஒரு சாராருக்குப் பிற தாய்மார் கொடையாக அளித்த தாய்ப்பால். மற்றொரு சாராருக்கு மாவுப்பால். அவர்கள் 13 முதல் 16 வயதினராக இருந்தபோது மீண்டும் அழைத்துப் பார்க்கையில், தாய்ப்பால் அருந்தியோரின் இரத்த அழுத்தம் மற்றவரினும் ஏறத்தாழ 4 அலகு குறைந்திருந்தது. சில வார உணவு, பதினைந்து ஆண்டுகளுக்குப் பின்னும் இரத்தக் குழாயில் பேசுகிறது!

ஆனால் நிறைமாதக் குழந்தைகளிடத்தில் கண்டது வேறு. பெலாரஸ் நாட்டில் 1996, 1997-ஆம் ஆண்டுகளில், 31 மருத்துவமனைகளைச் சார்ந்த 17,046 தாய்மாரையும் குழந்தைகளையும் சேர்த்து மைக்கேல் கிரேமர் என்பாரின் தலைமையில் மாபெரும் ஆய்வொன்று நடைபெற்றது. சில மருத்துவமனைகளில் பாலூட்டலுக்குச் சிறப்பான ஊக்கமும் பயிற்சியும் தரப்பட்டன; மற்றவற்றில் வழக்கமான முறையே தொடர்ந்தது. ஊக்கம் பெற்ற இடங்களில் முதலாண்டில் வயிற்றுப்போக்கும் தோல் கரப்பானும் குறைந்தன. ஆறரை வயதில் அறிவுத்திறன் தேர்வுகளில் அக்குழந்தைகள் கூடுதல் மதிப்பெண் பெற்றனர். ஆயினும் உடற்பருமனிலும் இரத்த அழுத்தத்திலும் பதினோரு வயது கடந்தும் நன்மை ஒன்றும் தென்படவில்லை.

இவ்வேறுபாட்டுக்கு ஒரு காரணம் உண்டு. செல்வ நாடுகளில் படித்த, வசதியுள்ள தாய்மாரே மிகுதியாகப் பாலூட்டுகின்றனர். அவர்கள் பிள்ளைகள் நலமாயிருப்பதற்குப் பால் காரணமா, வசதி காரணமா என்று பிரித்தறிவது கடினம். பெலாரஸ் ஆய்வில் அக்குழப்பம் இல்லை. பிரேசில் நாட்டின் பெலோட்டாஸ் நகரிலோ 1982-ல் ஏழையரும் செல்வரும் ஏறக்குறைய ஒரே அளவில் பாலூட்டினர். எனவே அங்குக் கண்ட முடிவுக்கும் மதிப்பு மிகுதி. அவ்வாண்டில் பிறந்தோரை முப்பது வயதில் மீண்டும் கண்டு சோதித்தனர். ஓராண்டும் அதற்கு மேலும் பால் குடித்தவர்கள், ஒரு மாதத்துக்கும் குறைவாகக் குடித்தவர்களைவிட அறிவுத்திறன் தேர்வில் ஏறக்குறைய 4 புள்ளிகளும், பள்ளிக் கல்வியில் ஏறக்குறைய ஓராண்டும் கூடுதலாகப் பெற்றிருந்தனர்.

உலகெங்கும் நடந்த இத்தகைய ஆய்வுகளைத் தொகுத்து 2015-ல் வெளியான மதிப்பீட்டின் சாரம் இது: தாய்ப்பால் அருந்தியோரிடையே உடற்பருமன் ஓரளவு குறைவு, நீரிழிவும் குறைவாகவே காண்கிறது, இரத்த அழுத்தத்திலும் இரத்தக் கொழுப்பிலும் பொதுவாகத் தெளிவான வேறுபாடு இல்லை. ஆனால், மழலைப் பருவத்து நன்மையிலோ ஐயத்துக்கே இடமில்லை. உலகத் தாய்மார் அனைவரும் முறையாகப் பாலூட்டினால் ஆண்டுதோறும் ஏறத்தாழ 8,23,000 குழந்தைகளின் உயிர் காக்கப்படும் என 2016-ல் அறிஞர்கள் கணக்கிட்டனர். முதுமை நலத்தைப் பற்றிப் பேசுவதற்கு முன், முதுமை அடைய உயிர் வேண்டுமன்றோ?

நம் நாட்டுக்குரிய பாடம்

நம் பாரதத்துக்கு இன்னும் அணுக்கமான பாடம் ஒன்று புதுதில்லியிலிருந்து கிடைத்துள்ளது. அங்கு 1969 முதல் 1972 வரை பிறந்த குழந்தைகளை மருத்துவர்கள் தொடர்ந்து எடைபோட்டும் உயரம் அளந்தும் வந்தனர். அவர்களுள் 1,492 பேரை 26 முதல் 32 வயதுக்குள் மீண்டும் சோதித்து, 2004-ல் முடிவை வெளியிட்டனர்.

யாருக்கு நீரிழிவோ அதன் முன்நிலையோ கண்டது? பெரும்பாலும், இரண்டு வயதுவரை மெலிந்திருந்து, அதன் பின் மளமளவென்று சதை போட்டவர்களுக்கு! அவர்களுள் ஒருவர்கூடப் பன்னிரண்டு வயதில் குண்டுப் பிள்ளை என்று சொல்லும்படி இருக்கவில்லை என்பது வியப்பு. தம் பழைய நிலையிலிருந்து விரைவாகப் பெருத்ததே தீங்காயிற்று. பஞ்சத்துக்குப் பழகிய உடலில் பெருவிருந்தைத் திணித்தால் அது தாங்குமா?

நம் வீடுகளில் நடப்பது என்ன? ஆறு மாதம் கடந்த பின்னும் பாலே போதும் என்று விட்டுவிடுகிறோம். அல்லது நீர்த்த கஞ்சியும் இரண்டு பிஸ்கோத்தும் கொடுத்துக் குழந்தையை மெலிய விடுகிறோம். இரண்டு வயதுக்குப் பின், ‘பிள்ளை பூஞ்சையாக இருக்கிறானே’ என்று கவலைப்பட்டு, சர்க்கரை கலந்த சத்து மாவுகளும் மிட்டாயும் எண்ணெய்ப் பலகாரமுமாகக் கொடுத்துத் தேற்றுகிறோம். கொடுக்க வேண்டிய காலத்தில் கொடாமல், கொடுக்கலாகாத காலத்தில் வாரி வழங்குகிறோம்.

ஆறு மாதம் நிறைந்ததும் பாலோடு இணை உணவு தொடங்க வேண்டும். அதற்குமேல் குழந்தைக்கு வேண்டிய இரும்புச் சத்துக்குப் பால் மட்டும் போதாது. குழைந்த சோற்றில் பருப்பும் சிறிது நெய்யும், கேழ்வரகுக் கூழ், மசித்த கீரை, வாழைப்பழம், அவித்த முட்டை, முள் நீக்கிய மீன் ஆகியவை நம் அடுக்களையிலேயே உள்ளன. ஓராண்டு நிறையும்வரை சர்க்கரையும் உப்பும் சேர்க்க வேண்டா. தேன் தொட்டு வைப்பதும் அவ்வயதில் ஆபத்தானது. பசும்பாலைத் தாய்ப்பாலுக்குப் பதிலாக முதலாண்டில் புகட்டலாகாது.

தாய்க்கும் கிடைக்கும் நலம்

பிற்காலத்து நலம் என்றால் பிள்ளையின் நலம் மட்டுமன்று. 30 நாடுகளில் நடந்த 47 ஆய்வுகளைத் தொகுத்து, மார்பகப் புற்றுநோய் கண்ட ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களைப் பற்றி 2002-ல் ஓர் அறிக்கை வெளியாயிற்று. ஒரு பெண் தன் வாழ்நாளில் மொத்தமாகப் பாலூட்டிய ஒவ்வோர் ஓராண்டுக்கும், அந்நோய் வரும் வாய்ப்பு நூற்றுக்கு 4 பங்குக்கு மேல் குறைகிறது என அது காட்டியது. பாலூட்டிய தாய்மாரிடையே நீரிழிவும் குறைவாகவே காண்கிறது. பாலூட்டினால் உடல் தளரும், அழகு கெடும் என்று அஞ்சும் இளந்தாய்மார் இதனைச் சிந்திப்பாராக.

இது தாய் ஒருத்தியின் கடமையா?

இவ்வளவும் கேட்ட பின், “ஆகவே தாய்மாரே, பாலூட்டுங்கள்” என்று கூறிக் கட்டுரையை முடித்துவிடலாம். அது நீதியன்று. பாலூட்டுபவள் தாய், ஆனால், அவளைப் பாலூட்ட வைப்பது குடும்பம்.

பிள்ளை பிறந்த முதல் மணி நேரத்திலேயே அதனை மார்பில் அணைத்துவிட வேண்டும். சேனை வைக்கிறோம் என்று சர்க்கரைத் தண்ணீரை முந்திக்கொண்டு புகட்டும் பெரியோர், தங்கள் அன்பை வேறு வகையில் காட்டுவாராக. ஆறு மாதம் நிறையும்வரை, கோடைக்காலமாயினும், தண்ணீரும் தேவையில்லை. தாய்ப்பாலில் பெரும்பகுதி நீரேயாம்.

‘பால் பற்றவில்லை’ என்ற சொல்லை எளிதில் சொல்லிவிடக் கூடாது. அச்சொல்லே தாயின் மனத்தைத் தளர்த்தும். தளர்ந்த மனம் பாலைக் குறைக்கும். குழந்தை நாளொன்றுக்கு ஆறு முறையேனும் சிறுநீர் கழித்து, எடையும் ஏறி வந்தால் பால் போதுமானது என்றே பொருள். குழந்தை குடிக்கக் குடிக்கத்தான் பால் ஊறும். இடையில் புட்டியைக் கொண்டுவந்தால் குடிப்பது குறையும், ஊறுவதும் குறையும். உண்மையிலேயே எடை ஏறவில்லையானால் காலம் தாழ்த்தாது மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

பச்சை உடம்புக்காரிக்குப் பத்தியம் என்ற பெயரால் வயிற்றைக் கட்டுவது தவறு. பூண்டும் பால்சுறாவும் ஆக்கிக் கொடுத்த நம் முன்னோரின் கருத்து, தாய் நன்றாக உண்ண வேண்டும் என்பதே. அவளுக்குச் சோறும் பருப்பும் மீனும் காய்கறியும் வயிறாரக் கிடைக்கட்டும். இரவில் நான்கு முறை எழுபவளுக்குப் பகலில் உறக்கம் கிடைக்கட்டும். தண்ணீர் சுமப்பதும் துணி வெளுப்பதும் மூத்த பிள்ளையைப் பார்ப்பதும் கணவர் செய்தால் குறைந்துபோகமாட்டார். பாலூட்டத் தந்தையால் இயலாது. பாலூட்டுபவளுக்கு ஊட்ட இயலுமே!

வேலைக்குச் செல்லும் தாயின் துன்பம் பெரிது. 2017-ல் திருத்தப்பட்ட சட்டப்படி முதல் இரு பேறுகளுக்கு 26 வாரம் ஊதியத்துடன் விடுப்பு உண்டு. ஆனால் மீன் விற்பவளுக்கும் பீடி சுற்றுபவளுக்கும் வயலில் நாற்று நடுபவளுக்கும் அச்சட்டம் எட்டுவதில்லை. அத்தகையோர் சுத்தமான கிண்ணத்தில் பாலைப் பீய்ச்சி மூடி வைத்தால், அறை வெப்பத்தில் நான்கு மணி நேரம் வரையிலும், குளிர்பதனப் பெட்டியில் ஒரு நாளும் கெடாதிருக்கும். அதனைப் புட்டியில் ஊற்றாமல், நம் பாட்டிமார் பயன்படுத்திய பாலாடையால் புகட்டலாம். அந்தப் பாலாடையை இன்று மருத்துவமனைகளிலும் குறைமாதக் குழந்தைகளுக்குப் பயன்படுத்துகின்றனர். அண்டை வீட்டார் இரண்டு மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொண்டால், அதுவும் பேருதவியே.

பொதுவிடங்களில் பாலூட்டக் கூசும் நிலையும் மாற வேண்டும். 2015-ல் தமிழ்நாட்டுப் பேருந்து நிலையங்களில் பாலூட்டும் தாய்மாருக்கெனத் தனி அறைகள் திறக்கப்பட்டன. 2014-ஆம் ஆண்டு ஆண்டவரின் திருமுழுக்குத் திருநாளன்று, உரோமையின் சிஸ்டைன் சிற்றாலயத்தில் 32 குழந்தைகளுக்கு ஞானஸ்நானம் அளித்த திருத்தந்தை பிரான்சிஸ், குழந்தைகள் பசித்தால் தயங்காமல் அங்கேயே பாலூட்டும்படி தாய்மாரிடம் சொன்னார். அவ்வளவு புனிதமான இடத்திலே தகுவது, நம் கோயில் முற்றத்திலும் திருமண மண்டபத்திலும் தகாததா?

மாவுப்பாலைப் பற்றியும் ஒரு சொல். இந்திய அரசு 1992-ல் சட்டம் இயற்றி, பின் 2003-ல் அதனை மேலும் கடுமையாக்கி, குழந்தைப் பால் மாவுகளை விளம்பரம் செய்வதைத் தடுத்துள்ளது. ஆயினும் மருத்துவர் ஆணைப்படி அதனைக் கொடுக்க வேண்டிய நிலை சிலருக்கு வரத்தான் செய்யும். அப்போது கொதித்த நீரும் கழுவிய கையும் சரியான அளவும் இன்றியமையாதவை. டப்பா சீக்கிரம் தீருகிறதே என்று மாவைக் குறைத்து நீரைக் கூட்டுவது குழந்தையைப் பட்டினி போடுவதாகும்.

அந்தப் பெரியவருக்கு விடை

இனி, நம்மைக் கேள்வி கேட்ட பெரியவருக்கு வருவோம். இக்கட்டுரையை எழுதி முடிக்கும் முன் அவர் இல்லத்துக்கே ஒரு மாலை நாம் சென்றோம்.

“ஐயா, ஒரு வீட்டுக்கு அடித்தளம் நன்றாக இட்டிருக்கிறது, ஆனால் கூரை ஒழுகுகிறது. மற்றொரு வீட்டின் அடித்தளம் சற்றுக் குறைவு. ஆனால் சுவரும் கூரையும் ஆண்டுதோறும் பழுது பார்க்கப்படுகின்றன. எது நிலைக்கும்?” என்று கேட்டோம். மூத்த மகன் நாள் முழுவதும் நாற்காலியில் அமர்ந்து பார்க்கும் வேலையில் இருப்பவர். சர்க்கரை நோய் அவர் பாட்டனாருக்கும் இருந்தது. இளையவர் காலையும் மாலையும் தோட்டத்தில் உழைப்பவர். “முதலாண்டு உணவு அடித்தளம், ஐயா. அது பெரியது, அதுவே முழு வீடு ஆகிவிடாது. ஆயிரம் பேரைச் சேர்த்துப் பார்த்தால் பாலின் நன்மை தெரியும், ஒருவரை மட்டும் எடுத்துக்கொண்டு இவர் நோய்க்கு இதுதான் காரணம் என்று எவராலும் சொல்ல இயலாது” என்றோம்.

பெரியவர் தலையசைத்தார். அப்போது அவர் மனைவி அடுக்களை வாசலில் நின்றபடியே, “அப்படியானால், நான் பால் கொடுக்காததால் சின்னவனுக்கு ஒன்றும் கேடில்லையா? நாற்பது ஆண்டுகளாக அவனுக்குத் தலைவலி வந்தாலும் என் மேல்தான் குற்றமென்று நினைத்துக்கொள்வேன்” என்றார்.

நமக்குச் சிறிது நேரம் பேச்சு எழவில்லை. “அம்மா, தாங்கள் காய்ச்சலில் கிடந்தீர்கள். அந்த நாளில் தங்களால் இயன்றதையெல்லாம் செய்து அவரை உயிரோடு காத்தீர்கள். குற்றம் ஏதும் தங்களிடத்தில் இல்லை” என்று மட்டும் சொன்னோம். அவர் கண்களைத் துடைத்துக்கொண்டு காப்பி கலக்க உள்ளே சென்றார்.

அன்பு வாசகர்களே, பாலூட்டலின் பெருமையைப் பேசும்போது, பாலூட்ட இயலாத ஒரு தாய் அக்கூட்டத்தில் தலை குனிந்து அமர்ந்திருக்கக்கூடும் என்பதை மறவாதிருப்போம். அவளைக் குறை கூறுவதால் எந்தக் குழந்தையும் வலிமை பெறுவதில்லை. இப்போது பிள்ளை பெற்றிருக்கும் மகளுக்கும் மருமகளுக்கும் ஒரு வேளைச் சோறும், ஒரு நாழிகை உறக்கமும், ஓர் ஆறுதல் சொல்லும் நாம் கொடுத்தால், அதன் பயனை அக்குழந்தை தன் எழுபதாவது வயதிலும் நுகரக்கூடும்.